கேள்வி–பதில்

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் முதல் நாவல் விற்கவில்லை; இரண்டாவதைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து எழுதலாமா, விட்டுவிடலாமா?
– வாசகர், கொமரலிங்கம்

பதில்: உங்கள் நாவலை உலகம் கவனிக்கவில்லை. பெருமாள்முருகனின் நாவலையோ அளவுக்கு மீறிக் கவனித்தது. 2010இல் வந்த 'மாதொருபாகன்' நான்கு ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவரே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அவர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றது. இறந்தவரை எழுப்பிய தீர்ப்பு வேறு எங்கே உண்டு!

ஆனால் அவர் தீர்ப்புக்காகப் பேனாவை மூடிவைத்திருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த மௌனத்திலேயே கவிதைகள் எழுதினார்; அவை 'கோழையின் பாடல்கள்' ஆயின. அடுத்த நாவலுக்கு மனிதரைத் தொடாமல், தனக்கு நன்கு தெரிந்த வெள்ளாட்டை எடுத்துக்கொண்டார்: 'பூனாச்சி'. 2023இல் 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது.

உங்களுக்குத் தெரிந்தது என்ன? அமராவதிக்கரை நெல்வயல், விடியுமுன் வந்து நிற்கும் கம்பெனி வண்டி, செக்கிங் மேசையில் பேசப்படும் கதைகள். சுப்ரபாரதிமணியன் திருப்பூரின் சாயக்கழிவை வைத்தே 'சாயத்திரை' எழுதினார். உங்கள் மேசை இன்னும் நாவலாகவில்லை. திரும்பி வந்த பிரதியை ஆறு மாதம் பெட்டியில் வையுங்கள். மேசையை எழுதத் தொடங்குங்கள்.