பிளேட்டைத் திருப்பிப் போடுதல்: எழல் என்னும் அலகு குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 4.1 கோடி இசைத்தட்டுகளும் 3.3 கோடி குறுந்தகடுகளும் விற்பனையாயின. எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதன்முறை. செத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, காயலான் கடையில் எடைக்குப் போடப்பட்ட ஒரு பொருள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குத் திரும்பி வந்து, முன்னைவிடப் பல மடங்கு விலை சொல்லி நிற்பதற்கான காரணம் யாது என்பதே இவ்வாய்வின் பொருள். இசைத்தட்டு என்பது இங்கே, பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக்கில், அதாவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் எதனால் ஆனதோ அதன் உறவுமுறைப் பொருளில், சுருளாக ஒரு பள்ளம் அச்சிட்டு, அப்பள்ளத்தின் நெளிவுகளில் முள் உரசிச் செல்லும்போது எழும் அதிர்வை ஒலியாக்கும் 12 அங்குல வட்டைக் குறிக்கும். வழக்கில் ரெக்கார்டு, பிளேட், எல்.பி. ஆகிய மூன்றும் இதற்குரிய பெயர்களே. அரசியல்வாதிகள் பிளேட்டைத் திருப்பிப் போடுவது தனியொரு துறையாக வளர்ந்துவிட்டதால், அது இவ்வாய்வின் எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை.

இம்மீட்சிக்கு இதுவரை கூறப்பட்டுவரும் விளக்கங்களுள் தலையாயது ஒலிக் கொள்கை. ஒலியலையை எண்களாக மாற்றாமல் அலையாகவே படியெடுக்கும் அனலாக் முறையில் ஓர் இதம் உண்டு என்றும், எண்களாக்கும் டிஜிட்டல் முறையில் அது வடிந்துபோகிறது என்றும், பழகிய காது இரண்டையும் இமைப்பொழுதில் பிரித்தறிந்துவிடும் என்றும் இக்கொள்கையினர் வாதிடுவர். இவ்வாதம் 2022இல் கடுமையான சேதத்துக்கு உள்ளாயிற்று. உயர்தர மறுவெளியீடுகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்று, மூல நாடாவிலிருந்து நேராகப் படியெடுத்தவை என்று நம்பப்பட்ட தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில், பத்தாண்டுக்கும் மேலாக இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்துவந்ததை அவ்வாண்டு ஒப்புக்கொண்டது. அந்தப் பத்தாண்டும் அத்தட்டுகளை அனலாக் இதத்துக்கு எடுத்துக்காட்டாகப் போற்றிவந்த காதுகள் எதுவும் கண்டுபிடிக்கவில்லை; செய்தி காது வழியாக அன்றி வாய் வழியாகவே வெளிவந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஒலிக் கொள்கைக்கு மட்டும் இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. தூசியும் கீறலும் உண்டாக்கும் பொரிசத்தம் தட்டின் குறையாகவே நெடுங்காலம் கருதப்பட்டு, அதை ஒழிக்கத் தூரிகை, திரவம், கழுவும் இயந்திரம் என்று ஒரு துணைத்தொழிலே வளர்ந்திருக்க, இன்றைய கணினி ஒலிப்பதிவில் சுத்தமான குரலுக்கு மேல் அதே பொரிசத்தத்தையும் தட்டின் கோணலையும் சேர்த்துத் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் காலத்துக் கருவியில் ஓடுவதாகப் பாவனை செய்ய வேண்டும் என்பதைக்கூட அதில் தேர்ந்துகொள்ளலாம். ஒலி வேண்டித்தான் தட்டு வாங்கப்படுகிறது என்றால், அந்த ஒலியைச் சல்லிக்காசு செலவின்றிப் பெற வழி இருந்தும் மக்கள் பல ஆயிரம் ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதை விளக்க முடியாது. உறையின் அழகே காரணம் என்னும் அட்டைக் கொள்கையைப் பொறுத்தவரை, முப்பது செ.மீ. சதுரத்தில் படம் பார்க்க விரும்புவோர்க்கு நாட்காட்டி மலிவு என்பதைச் சொன்னாலே போதும்.

எனவே விளக்கத்தைக் காதில் தேடாமல் காலில் தேட வேண்டியதாகிறது. இதன் பொருட்டு எழல் என்னும் அலகு இங்கே முன்மொழியப்படுகிறது. இசை கேட்கும் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, கருவி வரை நடந்து, தட்டை வைத்தோ மாற்றியோ திருப்பியோ போட்டு, முள்ளை இறக்கி, திரும்பி வந்து உட்காரும் முழுச் செயலும் ஓர் எழல் ஆகும். எழுந்தவர் போகிற போக்கில் அடுக்களைக்குள் நுழைந்து இரண்டு முறுக்கை எடுத்து வந்தால் அது தனி எழலாகாது. எழ முயன்று, முழங்கால் ஒத்துழைக்காமல் மீண்டும் உட்கார்ந்துவிட்டால் அரை எழலாகக் கொள்ளப்படும். ஒரு மணி நேர இசைக்கு எத்தனை எழல் தேவைப்படுகிறதோ அதுவே ஒரு சாதனத்தின் எழல் எண்.

எமில் பெர்லினர் 1887இல் தட்டையான வட்டுக்குக் காப்புரிமை கோரியபோது வட்டில் ஒரு பக்கமே இருந்தது. மாற்றலாமேயன்றித் திருப்ப முடியாது. ஜெர்மனியின் ஓடியான் நிறுவனம் 1904 வாக்கில் இருபுறமும் பதிந்த தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் திருப்பிப் போடுதல் என்னும் செயல் மனித வரலாற்றில் தோன்றியது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடிய அக்காலத்துப் பத்து அங்குலத் தட்டு, அரக்குப் பூச்சி தரும் அரக்கினால் ஆனது. பக்கத்துக்கு மூன்று நிமிடமே பாடும். ஆகவே அதன் எழல் எண் 20. இதனுடன், கைப்பிடியைச் சுற்றிச் சுருள்வில்லுக்குச் சாவி கொடுக்க வேண்டும். எஃகு ஊசி ஒரு பக்கம் பாடியதுமே மழுங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாட்ட வேண்டும். ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டவர் அன்று தனியாக உடற்பயிற்சி செய்திருக்கத் தேவையில்லை.

இதன் பின்னான தொழில்நுட்ப வரலாறு முழுவதையும், எழல் எண்ணைக் குறைக்க மனித குலம் நடத்திய அறப்போராட்டமாகவே படிக்க இடமுண்டு. 1920களின் இறுதியிலிருந்து, தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழச் செய்யும் தானியங்கி மாற்றிகள் வந்தன. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி.யை வெளியிட்டு, பக்கத்துக்கு இருபது நிமிடமும் அதற்கு மேலும் கிடைக்கச் செய்ததில் எழல் எண் 20இலிருந்து ஒரே பாய்ச்சலில் 3க்கு இறங்கியது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறுதட்டைக் கொண்டுவந்தபோது, அதனோடு சேர்த்து விரைந்து மாற்றும் கருவியையும் விற்றது. இரட்டைத் தட்டுத் தொகுப்புகளில் முதல் பக்கத்தின் முதுகில் இரண்டாம் பக்கத்தைப் பதியாமல் நான்காம் பக்கத்தைப் பதிந்த வழக்கம், பின்னாளில் பெட்டியைத் திறந்து பார்ப்போரைக் குழப்புவதற்காக ஏற்பட்டதன்று. முதலிரு பக்கங்களும் மாற்றியில் அடுத்தடுத்து விழுந்து, கேட்பவர் ஒரே முறை எழுந்தால் போதும் என்னும் கருணையினால் ஏற்பட்டது. 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட், அறுபது நிமிட நாடாவில் எண்ணை 2ஆக்கிற்று; நாடா முடிந்ததும் தானே எதிர்த்திசையில் ஓடும் கருவிகள் அதையும் பாதியாக்கின. 1980களில் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம், தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, திருப்பாமலே இருபுறமும் பாடவைக்கும் கருவியையும் செய்துபார்த்தது. 1982இல் கடைக்கு வந்த குறுந்தகடு 74 நிமிடம் பாடி எண்ணை 1ஆக்க, இணையத்திலிருந்து பாட்டு நில்லாமல் வழிந்துகொண்டேயிருக்கும் ஸ்ட்ரீமிங் முறை அதைப் பூச்சியமாக்கிப் போராட்டத்தை முடித்துவைத்தது.

பூச்சியத்தை அடைந்த மனிதர் என்ன செய்தார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. சோபாவில் சாய்ந்தபடி, ஐந்நூறு பாட்டு எழாமல் கேட்க வழி பிறந்ததும், எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடும் உரிமையை விலை கொடுத்து வாங்கத் தொடங்கினார். விற்பனைக்குரிய பண்டமாக இன்று கைமாறுவது இசையன்று, எழல்; இசை அதனோடு இலவச இணைப்பாகத் தரப்படுகிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

எழலுக்கான அழைப்பு எவ்வாறு விடுக்கப்படுகிறது என்பதைச் சற்று அருகில் சென்று காண்பது பயன் தரும். பக்கத்தின் தொடக்கத்தில் முள் விநாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. வேகத்தில் பள்ளத்தில் ஓடுகிறது. சுற்று வேகம் மாறாதிருக்க வட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே வருவதால், முடிவை நெருங்கும்போது வேகம் 21 செ.மீ. அளவுக்குத் தளர்கிறது. அதே ஒலி குறைந்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருப்பதால் கூர்மையான ஓசைகள் அங்கே கரகரக்கும். பக்கத்தின் கடைசியில் அடக்கமான பாட்டை வைக்கத் தயாரிப்பாளர்கள் விரும்புவதற்கு இது ஒரு காரணம். இருபத்திரண்டு நிமிடப் பக்கத்தில் முள் கடக்கும் தொலைவைக் கணக்கிட்டால் அரை கிலோமீட்டரை நெருங்குகிறது. அவ்வளவு நடந்து களைத்த முள், பாட்டு முடிந்ததும், தொடக்கமும் முடிவும் ஒன்றேயான மூடிய பள்ளத்தில் விழுந்து, 1.8 விநாடிக்கு ஒருமுறை ‘டொக்’ என்று கதவைத் தட்டத் தொடங்குகிறது. தானே கை தூக்கிக்கொள்ளாத கருவியாயின், மின்சாரம் உள்ளவரை தட்டிக்கொண்டேயிருக்கும். 1967இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பின் பிரித்தானியப் பதிப்பில் இவ்விடத்தில் வெற்று ஓசைக்குப் பதிலாகப் பொருளற்ற உளறலைப் பதிந்து வைத்தார்கள். எழாதவர் அதைக் காலமெல்லாம் கேட்டாக வேண்டும். முதல் டொக்கிலேயே எழுபவர், மூன்றாவதில் எழுபவர், வீட்டில் வேறு யாராவது எழட்டும் என்று பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்பவர் என மனிதரை வகைப்படுத்த இதைவிட நம்பகமான சோதனை உளவியலில் இருப்பதாகத் தெரியவில்லை.

இம்மூன்றாம் வகையினரை முன்னிட்டே பிறர்வழி எழல் என்னும் உட்பிரிவு தேவையாகிறது. தமிழகத்தில் தட்டு ஆட்சி செலுத்திய காலத்தில் அதை வாங்கும் வசதி எல்லா வீட்டுக்கும் இருக்கவில்லை. கல்யாண வீட்டு மாமரத்திலும் கோயில் கொடை நடக்கும் தெருவின் விளக்குக் கம்பத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாகவே பெரும்பாலோர் பாட்டுக் கேட்டனர். ‘திருவிளையாடல்’ கதை வசனத்தை ஊரே மனப்பாடமாக ஒப்பித்ததற்குத் திரையரங்கைப் போலவே அந்தக் குழாயும் காரணம். அங்கே பந்தலோரத்தில் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்த சவுண்ட் சர்வீஸ்காரர், ஊரார் அனைவரின் எழலையும் தாம் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் முள் கீறலில் சிக்கி, ஒரே சொல்லை நூறு தடவை வயல்வெளி வரை கேட்கும்படி சொன்னதும், பந்தியிலிருந்து அவர் எச்சில் கையோடு ஓடிவந்ததும் எழல் வரலாற்றில் வீரயுகத்தைச் சேர்ந்த நிகழ்ச்சிகள். கருவி வைத்திருந்த வீடுகளிலோ, தாத்தா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடித் தாளம் போட, “டேய், அதைத் திருப்பிப் போடுடா” என்னும் ஆணைக்கு இணங்கிப் பேரனே எழுந்தான். இரசிகரின் எழல் எண் பூச்சியமாகவும் பேரனுடையது மூன்றாகவும் இருக்க, இசை இன்பம் முழுவதும் தாத்தாவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இது எழல் கோட்பாட்டுக்கு முரண் அன்று. எழ ஆளிருக்கும் வீட்டில் யாரும் எழலைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதே இதனால் பெறப்படும்.

சிரமமே விரும்பப்படுகிறது என்றால், 20 எழல் தரும் 78 சுற்றுத் தட்டல்லவா முதலில் மீண்டிருக்க வேண்டும் என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. சேகரிப்போர் சிலர் தவிர அதற்கு இன்று புதுவாழ்வு இல்லை. ஊசி மாற்றவும் சாவி கொடுக்கவும் யாரும் வரிசையில் நிற்கவில்லை. தற்காலத்தவர் தாங்கக்கூடிய எழல், மணிக்கு மூன்று என்பதே இதிலிருந்து தெரியவரும் அளவு. மறுபுறம், கேசட்டும் மீண்டு வந்திருக்கிறது எனினும் அதன் அமெரிக்க விற்பனை ஆண்டுக்குப் பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. கேசட் தரும் சிரமம் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே படுவது என்பது இதற்குக் காரணமாகலாம். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிப் பதிவுக் கடையில் கொடுத்து, பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்னும் கணக்கு இடித்ததால் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தில் அறுபட்டு நிற்பதும், கருவி மென்று துப்பிய நாடாவை ஆறு பல் சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றி உள்ளே இழுப்பதும் விரலுக்கு வேலையேயன்றிக் காலுக்கு வேலையன்று. ஃப்ளாப்பி வட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சோனி நிறுவனம் 2011இலேயே அதன் விற்பனையை நிறுத்திவிட, ஃப்ளாப்பி போன்ற சாதனங்களில்தான் ஆவணம் தர வேண்டும் என்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்த ஜப்பானிய அரசு, 2024இல்தான் அவ்வேலையை ஏறக்குறைய முடித்தது. அங்கே அதைச் செருகியவர்கள் அதற்காகச் சம்பளம் வாங்கினர். சம்பளம் வாங்கிக்கொண்டு படும் சிரமத்தின்மேல் யாருக்கும் காதல் பிறப்பதில்லை.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு சிக்கல். அமெரிக்காவில் தட்டு வாங்குவோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அதைப் பாடவைக்கும் கருவியே இல்லை என்று, இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் நிறுவனத்தின் 2023 அறிக்கை தெரிவிக்கிறது. உறையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இவர்களுக்கு முள்ளும் இல்லை, டொக்கும் இல்லை, திருப்புவதற்குக் காரணமும் இல்லை; மேலோட்டமாகப் பார்த்தால் எழல் கோட்பாடு இவர்கள் முன் இடறி விழுவதாகவே தோன்றும். ஆயினும் ஆணி அடிக்கவாவது ஒருமுறை எழுந்திருக்கத்தான் வேண்டும் என்பதால், இவர்களுடைய எழல் எண்ணை ஒன்று எனக் கொள்வதே முறை. அவ்வகையில் இவர்கள் குறுந்தகட்டுக் காலத்தவருக்குச் சமமாக வைத்து எண்ணத்தக்கவர்கள்.