கமடோரா, கேம்ரியா? வாக்கைக் காப்பாற்றிய கார் எது?

கேள்வி: "ஜப்பான் காரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார் மாமனார். பக்கத்து வீட்டுக்காரரோ தன் பழைய ஹோல்டன் கமடோரைச் சனிக்கிழமைதோறும் குளிப்பாட்டி, பொட்டு வைக்காத குறையாகப் பார்த்துக்கொள்கிறார். நான் யார் பக்கம் சேர? (துங்காபி, சிட்னி)

பதில்: இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் மாமனார் கொழும்பு, யாழ்ப்பாணப் பக்கம் என்றால், ஜப்பானில் ஒருமுறை ஓடி முடித்து வந்த டொயோட்டாக்கள் அங்கே இன்னொரு ஆயுள் ஓடுவதைப் பார்த்த தலைமுறை. அந்த நம்பிக்கையைப் பெட்டியோடு சேர்த்து விமானத்தில் கொண்டுவந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கைக்கும் வேர் உண்டு. 1948 நவம்பர் 29 அன்று மெல்பர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டனை அறிமுகப்படுத்தினார். விலை, வரியோடு 733 பவுண்டு. அடிப்படை வடிவம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வந்ததுதான். ஆனால் ஆறு சிலிண்டர், லேசான உடல், மண் சாலைக்குத் தாங்கும் கட்டுமானம் என்று இந்த நாட்டுக் குடும்பத்துக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்தார்கள். என் கட்சி இதுதான்: காரின் கவர்ச்சி முகப்பில் ஒட்டிய சின்னத்திலிருந்து வருவதில்லை. 'இந்த வண்டி உனக்கு இன்னது செய்யும்' என்று கொடுத்த வாக்கை அந்த நிறுவனம் எத்தனை வருடம் காப்பாற்றியது என்பதிலிருந்து வருகிறது. வடிவமைப்பின் வேலை, அந்த வாக்கைக் கண்ணுக்கும் கைக்கும் காட்டுவது. மாமனாரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரவருக்குக் கிடைத்த வாக்கை நம்புகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, அதில் எந்த வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை.

கேள்வி: வாக்கு, போக்கு எல்லாம் இருக்கட்டும். கார் பார்க்க அழகாக இருந்தால் விற்காதா? அழகுக்கு மார்க்கெட்டே இல்லையா? (டாண்டினோங், மெல்பர்ன்)

பதில்: உண்டு. ஆனால் குடும்பக் காரில் அழகு எங்கே இருக்கிறது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். அது பின் சீட்டில் இருக்கிறது. 1978-இல் ஹோல்டன் கமடோரைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ஓப்பல் காரை எடுத்து, நம் சாலைகளுக்காக உடலை வலுப்படுத்தி உருவாக்கிய வண்டி. ஓட்ட அருமை, பார்க்கவும் லட்சணம். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் முந்தைய ஹோல்டன்களைவிட ஒடுக்கமாகச் செய்தார்கள். ஃபோர்டு அப்படிச் செய்யவில்லை. 1979-இல் வந்த புது ஃபால்கனின் அகலத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டது. பின் சீட்டில் மூன்று பேர் தோள் உரசாமல் உட்கார முடிந்த அந்த வண்டியைத்தான் எண்பதுகளின் பெரும்பகுதியில் மக்கள் அதிகம் வாங்கினார்கள். ஹோல்டன் 1988-இல் கமடோரை அகலமாக்கிய பிறகுதான் போட்டி மறுபடி சூடுபிடித்தது. இந்தப் பாடத்தை ஹோல்டனுக்கு முன்னால் படித்துக்கொண்டது ஒரு ஜப்பானியப் பெயர் என்பதைக் கவனியுங்கள். அடிலெய்டில் தொழிற்சாலை வைத்திருந்த மிட்சுபிஷி, தன் ஜப்பானிய காரை ஆஸ்திரேலியாவுக்கென்றே அகலப்படுத்தி 1985-இல் மேக்னாவாக இறக்கியது. அந்த வருடமே 'வீல்ஸ்' பத்திரிகையின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. இந்த நாட்டுக் குடும்பத்தின் அளவை எடுத்துத் தைத்த சட்டை அது. தையற்காரர் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

வெளித்தோற்றம் ஒரு வண்டியைக் கவிழ்க்கவும் கூடும் என்பதற்கு 1998-இல் வந்த ஏ.யூ. ஃபால்கன் சாட்சி. இயந்திரத்தில் குறை சொல்ல இடமில்லை. அதே வண்டி டாக்சியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. ஆனால் சரிந்து விழும் பின்பகுதியும் உருண்டு வழியும் முகமும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. போட்டிக்கு நின்ற கமடோரோ 1998-இல் மட்டும் 94,000-க்கு மேல் விற்றது. 2002-இல் ஃபோர்டு, பழைய கதவுகளை அப்படியே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் திருத்தி, உள்ளே இருக்கைகளையும் டாஷ்போர்டையும் புதிதாக்கி பி.ஏ. ஃபால்கனாகக் கொடுத்தது. விற்பனை நிமிர்ந்தது. 'உறுதியான, பெரிய, நேரான வண்டி' என்ற பழைய வாக்கு புதுத் தோற்றத்தில் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. அதுதான் காரணம்.

கேள்வி: ஒரே காரை எடுத்து, சின்னத்தை மட்டும் மாற்றி ஒட்டி விற்றால் யாருக்குத் தெரியப்போகிறது? நம் ஊர் எண்ணெய்க் கடையில் நடக்காததா? (பென்டில் ஹில், சிட்னி)

பதில்: ஆஸ்திரேலியாவில் அதை அரசாங்கக் கொள்கையாகவே செய்து பார்த்தார்கள்! எண்பதுகளின் நடுவில், ஹாக் அரசின் தொழில் அமைச்சர் ஜான் பட்டன் கார் தொழிலுக்கு ஒரு திட்டம் போட்டார். சின்ன சந்தையில் அளவுக்கு மீறிய மாடல்கள் வேண்டாம், நிறுவனங்கள் வண்டிகளைப் பகிர்ந்துகொள்ளட்டும், இறக்குமதி வரி படிப்படியாகக் குறையட்டும் என்பது சாரம். அதன் விளைவாக டொயோட்டாவின் கேம்ரி, 'ஹோல்டன் அப்பல்லோ' என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது. ஹோல்டனின் கமடோர், 1989 முதல் 'டொயோட்டா லெக்சன்' ஆனது. 1983-இல் அமெரிக்கா கோப்பையை வென்ற பாய்மரப் படகை வடிவமைத்த பென் லெக்சனின் பெயரை வைத்து, தேசபக்தியையும் கூடவே சேர்த்துக் கொடுத்தார்கள். முகப்பில் கம்பிவலை வேறு, சின்னம் வேறு. கதவைத் திறந்தால் அதே இருக்கை, பானெட்டைத் தூக்கினால் அதே 3.8 லிட்டர் வி6 என்ஜின்.

இதைவிடச் சுத்தமான பரிசோதனையைப் பல்கலைக்கழகத்தில்கூட நடத்த முடியாது. வடிவமைப்பு ஒன்று, தரம் ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. வடிவம்தான் எல்லாம் என்றால் இரண்டும் ஒன்றுபோல விற்றிருக்க வேண்டும். சின்னம்தான் எல்லாம் என்றால் டொயோட்டா சின்னம் போட்ட கமடோர் பறந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கமடோர் வேண்டியவர் ஹோல்டனிடமே போனார். கேம்ரி வேண்டியவர் டொயோட்டாவிடமே போனார். லெக்சனும் அப்பல்லோவும் மூலத்தின் பக்கத்தில்கூட நெருங்காமல் தொண்ணூறுகளின் பிற்பகுதிக்குள் மறைந்தன. பெரிய, பின்சக்கரத்தில் இழுக்கும், நெடுஞ்சாலையை விழுங்கும் வண்டி என்பது ஹோல்டன் கொடுத்த வாக்கு. அடக்கமான, தொந்தரவில்லாத வண்டி என்பது டொயோட்டாவின் வாக்கு. ஒருவர் வாக்கை இன்னொருவர் வாயால் சொன்னபோது கேட்டவர் நம்பவில்லை. எண்ணெய்க் கடைக்காரருக்கும் இது பொருந்தும்: டின் மாறினால் ஒருமுறை ஏமாறும் வாடிக்கையாளர், மறுமுறை அந்தப் படியேற மாட்டார்.

கேள்வி: பாதர்ஸ்ட் பந்தயத்தில் ஜப்பான் கார் வென்றதற்கே கூட்டம் கூச்சல் போட்டதாமே! அவ்வளவு பாசம் வைத்தவர்கள் பிறகு ஏன் ஹோல்டனைக் கைவிட்டார்கள்? (கிளென் வேவர்லி, மெல்பர்ன்)

பதில்: உண்மைதான். 1991-இலும் 1992-இலும் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கேஃபும் ஓட்டிய நிசான் ஸ்கைலைன் வென்றது. 1992-இல் மழையில் பந்தயத்தை நிறுத்தி வெற்றியை அறிவித்தபோது, மேடைக்குக் கீழே நின்ற கூட்டம் வெற்றியாளரையே கூவிப் பழித்தது. அடுத்த வருடத்திலிருந்து விதிகள் மாறி, பல ஆண்டுகள் அந்தப் பந்தயத்தின் முதல் வரிசை ஃபோர்டுக்கும் ஹோல்டனுக்குமே என்றானது. பாசத்தில் பொய் இல்லை. ஆனால் பந்தயத்தில் காட்டிய பாசம் வேறு, கடன் பத்திரத்தில் போடும் கையெழுத்து வேறு. கமடோர் 1996 முதல் 2010 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் நாட்டின் அதிகம் விற்ற கார் என்பதை வைத்து மக்கள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள் என்று வாதிடுவார்கள். அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு, அரசும் கம்பெனிகளும் மொத்தமாக வாங்கிய ஃப்ளீட் கார்கள். கம்பெனிக் கணக்கில் பெட்ரோல் போட்டவருக்கு நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற கவலை இல்லை. ஃப்ளீட் வண்டிகள் குறைந்து, குடும்பம் தன் சொந்தப் பணத்தில் கணக்குப் பார்த்தபோது, 2011-இல் முதலிடம் மாஸ்டா 3 என்ற சின்ன ஜப்பானிய காருக்குப் போனது.

டாக்சிக்காரரைப் பாருங்கள். சென்டிமென்டுக்கு இடமில்லாத தொழில் அது. சிட்னி விமான நிலைய வரிசையில் ஒரு காலத்தில் எரிவாயுவில் ஓடும் ஃபால்கன்கள்தான். 2010-இல், மெல்பர்ன் ஆல்டோனாவில் தயாரான கேம்ரி ஹைபிரிட் விற்பனைக்கு வந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர். வரிசையில் ஊர்ந்து நிற்கும்போது என்ஜின் தானாக அணையும். பிரேக் போடும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவதால் பிரேக் பேடும் நீண்ட நாள் வரும். சில ஆண்டுகளில் டாக்சி நிறுத்தங்களில் ஃபால்கனின் இடத்துக்குக் கேம்ரி வந்துவிட்டது. 'தொந்தரவில்லாத வண்டி' என்ற வாக்கை நாளுக்குப் பல மணி நேரம் ஓட்டிச் சோதித்தவர்கள் கொடுத்த தீர்ப்பு அது.

கேள்வி: ஐயா, வரியைக் குறைத்தார்கள், டாலர் ஏறியது, உள்ளூர்த் தொழிற்சாலைகள் மூடின. கழுத்தை நெரித்துவிட்டு, 'பிள்ளைக்குச் சத்துப் போதாது' என்கிறீர்களே! (ஹோம்புஷ், சிட்னி)

பதில்: நல்ல அடி, பாதி ஏற்கிறேன். எண்பதுகளின் நடுவில் 57.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2010-இல் 5 சதவீதத்துக்கு இறங்கியது. 2011-இல் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையும் தாண்டியதால் ஏற்றுமதி நொடித்தது. பிராட்மெடோஸில் கடைசி ஃபால்கன் 2016 அக்டோபர் 7 அன்று இறங்கியது. 2017 அக்டோபர் 3 அன்று ஆல்டோனாவில் டொயோட்டாவும், அக்டோபர் 20 அன்று அடிலெய்டின் எலிசபெத்தில் ஹோல்டனும் கதவை மூடின. இந்தப் பட்டியலில் டொயோட்டாவும் இருக்கிறது. ஆகவே தொழிற்சாலை மூடியதை வைத்து எந்த வண்டி நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதைப் பொருளாதாரம் மூடியது. ஆல்டோனாவில் கேம்ரி கோத்த தொழிலாளியும், எலிசபெத்தில் கமடோர் கோத்தவரும் ஒரே மாதத்தில் வேலை இழந்தார்கள். உள்ளூர் கார், ஜப்பான் கார் என்று நாம் போடும் கோடு அவர்கள் நடுவே ஓடவில்லை.

ஆனால் மூடிய பிறகு என்ன நடந்தது? அங்கேதான் பெயரின் பலம் தெரிந்தது. கேம்ரி ஜப்பானிலிருந்து வரத் தொடங்கியது. விற்பனை குறைந்தாலும் வண்டி நிலைத்தது. அதன் வாக்கில் ஆல்டோனா என்ற சொல்லே இல்லை, எங்கே செய்தாலும் ஓடும் என்பதுதான் வாக்கு. கமடோர் 2018-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஓப்பல் இன்சிக்னியா காருக்குக் கமடோர் பெயரைச் சூட்டினார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் நல்ல கார் என்றார்கள். ஆனால் முன்சக்கர இழுவை, வி8 இல்லை, உள்ளூர்த் தயாரிப்பும் இல்லை. நாற்பது வருடம் சொன்ன வாக்கில் ஒன்றும் மிச்சமில்லை, பெயர் மட்டும் மிச்சம். இரண்டே ஆண்டில், 2020 பிப்ரவரியில், ஹோல்டன் என்ற பெயரையே முடித்துக்கொள்வதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. "செடான் காரே வழக்கொழிந்துவிட்டது, எல்லோரும் எஸ்.யு.வி.க்குப் போய்விட்டார்கள்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தக் காற்று கேம்ரிமேலும்தான் அடித்தது. ஆழமாக வேர்விட்டது நின்றது.

கேள்வி: அப்படியானால் இனி உள்ளூர்க் கார் என்ற பேச்சே முடிந்ததா? நான் என்னதான் வாங்குவது? (பெரிக், மெல்பர்ன்)

பதில்: முடியவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2023-இலும் 2024-இலும் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வாகனம் ஃபோர்டு ரேஞ்சர். அதன் வடிவமைப்பும் பொறியியலும் நடந்தது மெல்பர்னில், தயாரிப்பு தாய்லாந்தில். அதன் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1960-இல் முதல் ஃபால்கனின் முன்சக்கர அமைப்பு நம் சாலையில் தாங்காமல் நொறுங்கி ஃபோர்டின் மானம் போனது. அதை மீட்க 1965-இல் விக்டோரியாவின் யூ யாங்ஸ் சோதனைத் தடத்தில் ஐந்து ஃபால்கன்களை இரவு பகலாக மொத்தம் 70,000 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அன்று கற்றதை ஃபோர்டு தொழிற்சாலையோடு சேர்த்து மூடிவிடவில்லை. இந்த மண்ணுக்கேற்ற வண்டி செய்வோம் என்ற வாக்கை இன்னும் காப்பாற்றுகிறது. வாங்குபவர்களும் அதை மதிக்கிறார்கள்.

செடான் வாங்கப் போனால் மூன்று கேள்வியோடு போங்கள். இந்த நிறுவனம் என்ன வாக்குக் கொடுக்கிறது? அதை எத்தனை வருடம், யாரிடம் காப்பாற்றியிருக்கிறது? முன்னால் நிற்கும் இந்த வண்டி அந்த வாக்கைத்தான் சொல்கிறதா, பெயரை மட்டும் கடன் வாங்கியிருக்கிறதா? எம்.ஜி. என்ற பழைய பிரிட்டிஷ் பெயரில் சீனாவில் செய்த கார்கள் இன்று நம் தெருவில் நிறைய ஓடுகின்றன. அவை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை அந்த பிரிட்டிஷ் பெயருக்காக வாங்காதீர்கள். சீன நிறுவனம் இன்று தரும் வாரன்டி, சர்வீஸ், உதிரிபாகம் ஆகியவற்றை வைத்து வாங்குங்கள். இந்த மூன்று கேள்விக்கும் இன்று செடான்களில் கேம்ரி தெளிவாகப் பதில் சொல்கிறது என்பது என் கணிப்பு. துங்காபி வாசகரின் மாமனார் சொன்ன காரையே வாங்குங்கள், கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். நாளை அந்த நிறுவனம் வாக்குத் தவறினால், ஹோல்டனைக் கைவிட்டது போலவே அதையும் தயங்காமல் கைவிடுங்கள்.