எல்லாம் சென்ட்ரல் வழியாக

கும்மிடிப்பூண்டிக்காரன் தன் மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் போக ஒரே வழிதான் உண்டு. முதலில் தெற்கே சென்னைக்குப் போய், சென்ட்ரலிலோ பேசின் பிரிட்ஜிலோ இறங்கி, அரக்கோணம் வண்டி பிடித்து மேற்கே வர வேண்டும். பெரியபாளையம் வழியாக பஸ் இருக்கிறது; அது வேறு வகைத் தவம். இதற்கெல்லாம் வயிறெரிந்து பயனில்லை. கம்ப்யூட்டர் வாங்கப் புறப்பட்ட சர்க்கார்களும் இப்படித்தான் யோசித்திருக்கின்றன: எல்லாம் சென்ட்ரல் வழியாக. நம் ஸ்டேஷனில் நிற்காமல் பறக்கும் எக்ஸ்பிரஸ்களுக்கு மட்டும் வேறு சட்டம்.

இந்த யோசனைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்காவின் டெக்ஸாஸ்காரர் ஜாக் புரூக்ஸ். சுருட்டும் கையுமாக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். ஆளாளுக்கு ஐபிஎம் மெஷினை வாடகைக்கு எடுத்து சர்க்கார் காசைக் கரைப்பதைப் பார்த்து, 1965-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்தத் துறைக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் பொதுச் சேவை நிர்வாகம் என்ற ஒரே அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும்.

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் இருந்த ரோலிங் மில்லில் கை துடைக்க ஒரு பிடி வேஸ்ட் பஞ்சு வேண்டுமென்றாலும் மூன்று பிரதி இன்டென்ட், சூப்பர்வைசர் கையெழுத்து, ஸ்டோர்ஸ் ஜன்னல், அங்கே தூங்கும் கீப்பர். முதலாளி அறைக்கு ஏசி வந்தபோது மட்டும் ஜன்னலும் இல்லை, கீப்பரும் இல்லை. கேட்டால் "லோக்கல் பர்ச்சேஸ்" என்றார்கள்.

வாஷிங்டனிலும் அதே கதைதான். அமெரிக்க சர்க்காருக்கு என்எஸ்ஏ என்று ஓர் ஒட்டுக்கேட்பு நிலையம். 1962-இலேயே தனக்கென்று ஐபிஎம்மிடம் ஒரு ராட்சத மெஷின் செய்து வாங்கியது; உலகத்தில் அந்த ஒன்றே ஒன்றுதான். பெயர் ஹார்வெஸ்ட், அதாவது அறுவடை. யார் விதைத்ததை யார் அறுத்தார்கள் என்று கேட்காதீர்கள். இப்பேர்ப்பட்டவர்களை ஸ்டோர்ஸ் ஜன்னலில் வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்பார்களா? 1981-இல் ஜான் வார்னர் என்ற செனட்டரின் பெயரில் ஒரு திருத்தம் வந்தது. (நடிகை எலிசபெத் டெய்லருக்கு ஏழாவது கல்யாணம், ஆறாவது மாப்பிள்ளை. கணக்கு சரிதான், ரிச்சர்ட் பர்ட்டனை அம்மையார் இரண்டு முறை கட்டிக்கொண்டார்.) உளவு, சங்கேதம், படை நடத்துவது, ஆயுதம் ஆகியவற்றுக்கான கம்ப்யூட்டர்களுக்குப் புரூக்ஸ் சட்டம் கிடையாது என்றது திருத்தம். ஆனால் சம்பளப் பட்டியல் போடும் மெஷினுக்கு விலக்கு இல்லை! ஒட்டுக்கேட்டது ரகசியம், அதற்கு வாங்கிய சம்பளம் ரகசியமில்லை. 1996-இல் புரூக்ஸ் சட்டத்தையே ரத்து செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

நம்மவர்கள் இன்னும் ஒரு படி மேலே. ஒரு காலத்தில் டெல்லியில் மின்னணுத் துறை தலையாட்டினால்தான் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் நாட்டுக்குள் வந்தது. 1975-இல் கம்ப்யூட்டர் பராமரிக்கும் சர்க்கார் கம்பெனியான சிஎம்சி, 1976-இல் தேசியத் தகவல் மையம், 1977-இல் நம் பங்குக்குத் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட். இந்தியக் கம்பெனியில் தன் பங்கைக் குறைக்கச் சொன்னதும் ஐபிஎம் கோபித்துக்கொண்டு 1978-இல் மூட்டை கட்டியது. அது விட்டுப்போன மெஷின்களுக்கு ஆயில் போட்டுக்கொண்டிருந்தது சிஎம்சிதான்.

பிறகு தேசியத் தகவல் மையம் சாட்டிலைட் வழியாக ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸையும் டெல்லியோடு முடிச்சுப் போட்டது. எங்கள் திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிறந்தது. அதே ஆண்டில் திருவாரூரும் பிறந்தது. மின்னாளுமைக்கு முன்மாதிரி மாவட்டமாகத் தேர்வானது திருவாரூர். எழுத்துப் பிழையால் எங்கள் கம்ப்யூட்டர் அங்கே போய்விட்டது என்று கும்மிடிப்பூண்டி டீக்கடையில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. முழுசாக மறுக்கவும் மனசில்லை.

எங்கள் மாவட்டத்திலும் ரகசியம் உண்டு. ஆவடி டாங்க் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்க் உருண்டு வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பது அரசாங்க ரகசியம்; பஸ்ஸில் கண்டக்டர் "டேங்க் பேக்டரி எல்லாம் இறங்கு" என்று தொண்டை கிழியக் கத்துவார்.

இந்த ரகசியங்களுக்கு மருந்தாக 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. யாரும் எதையும் கேட்கலாம் என்றார்கள். 24-ஆம் பிரிவில் லோக்கல் பர்ச்சேஸ் ஒளிந்திருந்தது. பதில் சொல்லத் தேவையில்லாதவர்கள் என்று உளவுத்துறை, ரா முதலியவற்றுக்கு இரண்டாம் அட்டவணையில் ஒரு பட்டியல். அதில் லட்சத்தீவு போலீஸின் தனிப்பிரிவும் இருக்கிறது. சூரை மீன் பற்றிய ரகசியமாக இருக்கலாம். மாநிலங்களும் தங்கள் ஆட்களைச் சேர்க்கலாம் என்பதால், 2008-இல் தமிழக அரசு லஞ்ச ஒழிப்புத் துறைக்கு விலக்குக் கொடுத்தது. லஞ்சம் வாங்கும் ஆபீஸைக் கேள்வி கேட்கலாம், பிடிக்கும் ஆபீஸைக் கேட்கக் கூடாது! 2011-இல் எல்லாத் துறைகளின் தகவலையும் ஒரே வலையில் இழுக்கும் நாட்கிரிட், சிபிஐயோடு அந்தப் பட்டியலுக்குள் போனது. 2018 டிசம்பர் 20-இல், நாட்டில் எந்தக் கம்ப்யூட்டரையும் எட்டிப் பார்க்கலாம் என்று பத்து அமைப்புகளுக்கு உள்துறை ஆணை தந்தது. 2023 நவம்பரில், கம்ப்யூட்டர் திருட்டு நடந்தால் நாம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய செர்ட்-இன்னும் அட்டவணையில் ஏறிக்கொண்டது. வீட்டில் திருடு போனதைச் சொல்லலாம். போலீஸ் ஸ்டேஷன் எப்படி நடக்கிறது என்று கேட்கக் கூடாது.

ஆனால் அந்த 24-ஆம் பிரிவிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்களென்றால் இந்த மகானுபாவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். மனித உரிமை விவகாரத்துக்குத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், கெடு 45 நாள். அதனால் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அதற்கு டீ கிடைக்காது.