இல்லத்து ரூட்டரும் இரும்பு பீரோவும்: ஒரு மறுவாசிப்பு

தமிழ் நகர்ப்புற இல்லங்களில் ரூட்டர் அமர்த்தப்படும் இடம் குறித்து முறையான ஆய்வு எதுவும் இதுவரை நிகழவில்லை. நிகழ்ந்திருந்தாலும் நாம் படிக்கவில்லை. படிக்காததை ‘ஆய்வு இடைவெளி’ என்று குறிப்பது துறையின் மரபு.

ஆய்வுக்களம் சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்ககம். களத்தேர்வுக்குக் காரணம், ஆய்வாளர் அங்கேதான் குடியிருக்கிறார்.

ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது: வீட்டின் நடுவில், உயரத்தில், மறைப்பில்லாமல். ஒரே வரியில் முடிந்துவிடுவதால்தான் அறிஞர்கள் இதைத் தொடுவதில்லை. நடைமுறையில் இடத்தைத் தீர்மானிப்பவர் கேபிளை இழுத்து வந்து சுவரில் துளை போட்ட இளைஞரே. “இங்கதான் சார் வரும்” (துளையிட்டவர், ஏணிமேல் நின்று கூறியது).

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை சுவர் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மாணவர் நலன் கருதி இது போதும்.

2.4 பட்டையில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. நடுநிலை வகிப்பதாக எண்ணி 3-இல் அமர்பவர் 1, 6 ஆகிய இரு தரப்பாரோடும் மோதுவார். கருத்தரங்குகளுக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நூறு மெகாபிட் என்று விற்கப்படுவது நொடிக்கு 12.5 மெகாபைட், எட்டால் வகுக்காதவர்கள் வாடிக்கையாளர் சேவையை அழைப்பார்கள்.

ஆன்டெனாவின் நுனியைத் தம் அறை நோக்கிச் சாய்ப்போர் ஒரு பள்ளியினர். அலை நுனியிலிருந்து பாய்வதில்லை. தண்டின் பக்கவாட்டில் சுற்றிலும் பரவுகிறது. ஆகவே, நுனி யாரை நோக்கி நீள்கிறதோ அவருக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கும். துறைத்தலைவரின் சுட்டுவிரலுக்கும் இவ்விதி பொருந்தும்.

மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், சாம்பார் சூடாகும் நேரத்தைக் களப்பிரர் காலத்துக்கு அடுத்த இருண்ட காலம் எனலாம்.

இனி பீரோ.

இரும்புத் தகடு அலையைத் திருப்பி அனுப்பும். கதவிலுள்ள ஆளுயரக் கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமே. ஆய்வுக்குரிய பீரோ வாஸ்துப்படி கன்னி மூலையில் நிற்கிறது. ரூட்டரோ நேர் எதிரே, ஈசானியத்தில். ஆய்வாளரின் கட்டிலுக்கு வரும் அலை பீரோவைக் கடந்தே வர வேண்டும்.

பீரோவை நகர்த்தலாமா என்ற வினாவுக்கு முதன்மைச் சான்று ஆய்வாளருடைய மாமியாரின் கூற்று. அதற்கு மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதற்பாடம்: “அத எதுக்கும்மா இப்ப நகத்தணும்?” (மாமியார், கூடம், காப்பிக்கு முன்). இரண்டாம் பாடம்: “நகத்திக்கோ, எனக்கென்ன” (மேலது, காப்பிக்குப் பின், எதிர்மறைப் பொருளில் கொள்க). மூன்றாம் பாடம் கைப்பேசியில் நாத்தனாருக்கு உரைக்கப்பட்டு, நாத்தனாரால் கணவருக்கும் கணவரால் ஆய்வாளருக்கும் வழிவழியாக வந்தது: “எங்கப்பா சீரா குடுத்த பீரோ அது” (மேலது, ஸ்பீக்கர் நிலை, குக்கர் விசிலின் இடையீட்டால் ஈற்றுச் சொற்கள் சிதைந்தன, கணவர் அவற்றை இடைச்செருகல் என்று மறுக்கிறார், நாத்தனார் மூலத்தில் உள்ளவையே என உறுதியாகக் கூறுகிறார், அச்சேற்ற இயலாதவை ஆதலின் இங்கே புள்ளிகளும் இடப்படவில்லை). மூன்றாம் பாடமே பழமையானது என்று நிறுவிய அறிஞர் பீரோவைப் பார்த்ததில்லை. ஓலையைப் பார்க்காமலே ஓலைச்சுவடியின் காலத்தைக் கணித்த அனுபவம் அவருக்கு உண்டு.

பீரோ நகராவிட்டால் ரூட்டர் நகரலாமே என்று இளநிலை மாணவர் கேட்கக்கூடும். நீளமான ஈதர்நெட் கேபிள் ஒன்று வாங்கி, ரூட்டரைக் கூடத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, பீரோ குறுக்கிடாதபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் பெரும்பாலும் சிக்கல் தீரும். ஆய்வாளர் இதைச் செய்துபார்க்கவில்லை. தீர்ந்துவிட்டால் இரண்டாம் தொகுதிக்குப் பொருள் இராது.

முதல் தொகுதிக்கான வாய்மொழித் தேர்வு மேற்படி கட்டிலில் இருந்தபடி இணையவழி நடந்தது. பீரோ அத்தியாயம் வந்தபோது புறத்தேர்வாளரின் முகம் வாய் திறந்த நிலையில் உறைந்துபோயிற்று. நெறியாளர் அதை ‘வியப்பு’ என்று குறிப்பேட்டில் பதிந்து, பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்.