நாலெழுத்து தெரியாத பிள்ளைகள்

எருமப்பட்டியில் காலை ஏழு மணிக்கு ரோட்டோரம் நின்று பாருங்கள். முட்டை வண்டியை முந்திக்கொண்டு மஞ்சள் பஸ் பறக்கும். கொல்லிமலை அடிவாரம் வரை போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு நாமக்கல் பக்கம் திரும்பும். அதில் ஏறும் ஒரு பிள்ளையின் அப்பா லாரியில் வடநாட்டு லைன் போயிருப்பார். அம்மா கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார். இரண்டு சம்பளமும் சேர்ந்து வாங்குகிற பொருள் ஒன்றுதான். இங்கிலீஷ். "நாமதான் இப்படி ஆயிட்டோம், பையனாச்சும் நாலெழுத்து படிக்கட்டுமுங்க" என்பார்கள்.

படிக்கிறான். வினைச்சொல்லின் மூன்று காலமும் தெரியும். வேர்ட்ஸ்வொர்த்தின் பூக்கள் தெரியும். தாசில்தாருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியும். இங்கிலீஷில் ஒருவன் தன்னை வைதால், அது எவ்வளவு பெரிய வசவு என்பது மட்டும் தெரியாது. லட்சம் கட்டிய நாலெழுத்தில் அந்த நாலெழுத்து இல்லை.

முழுக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தமிழில் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகள் இந்தப் பக்கம் உண்டு. அதே பள்ளிகளில் ஸ்டுப்பிட், இடியட், யூஸ்லெஸ் ஃபெல்லோ ஆகிய மூன்றும் தினசரி உண்டு. அவற்றுக்கு அபராதம் கிடையாது. அதே மூன்றையும் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். மறுநாள் காலை பெற்றோர் கேட்டை மறித்து நிற்பார்கள். இங்கிலீஷில் சொன்னதால், "மிஸ் என்னமா இங்கிலீஷ் பேசறாங்க" என்று பெருமைப்படுகிறார்கள். அந்தப் பள்ளிகளில் கட்டணம் வாங்காமல் கொடுப்பது இது ஒன்றுதான்.

சினிமாவும் அப்படித்தான் பழக்கியது. பங்களாப் படிக்கட்டில் நின்ற பணக்கார அப்பா "யூ ராஸ்கல், ப்ளடி ஃபூல், கெட் அவுட்" என்றால் அது கௌரவம். குப்பத்து வாசலில் நிற்பவன் தமிழில் அதில் பாதி சொன்னாலும் ஆபாசம். துரை கப்பலேறிப் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அவன் வசவு மட்டும் இங்கேயே தங்கி, படித்தவர் வீட்டுச் சொத்தாகிவிட்டது.

எருமப்பட்டி ஒன்றியத்தை விடுங்கள், இந்தச் சமவெளியில் எந்த ஊராட்சிக்குப் போனாலும் நூறு நாள் வேலையில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார்கள். வெயிலுக்கும் முள்ளுக்கும் அதுதான் கவசம். சந்தையில் குவித்து விற்கும் திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் எடுத்த டீ-ஷர்ட்டும் அதில் இருக்கும். நெஞ்சில் பெரிய இங்கிலீஷ் எழுத்து. லண்டனில் குடித்துவிட்டு ஆட்டம் போடும் இருபது வயதுப் பையனுக்காக அச்சடித்த வாசகம், எழுபது வயது ஆயாவின் மேல். "ஏம்ப்பா, இதுல என்னமோ எழுதியிருக்குதே?" என்று ஆயா கேட்டால் கடைக்காரர் சொல்வார்: "அது கம்பெனி பேருங்க ஆயா." அவருக்கும் தெரியாது. அல்லது தெரியும்.

வேலைக்கு வந்ததற்குச் சாட்சியாகத் தளத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்து, மத்திய அரசின் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது விதி. 2023 முதல் கட்டாயம். ஆக, சென்சார் போர்டு வெட்டச் சொல்லும் அதே சொல், அட்சரேகை தீர்க்கரேகையோடு டெல்லி சர்வரில் போய் உட்காருகிறது. வருகைப் பதிவாக. ஆயா மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தச் சட்டையைத் தைத்தது நம் திருப்பூர். துணியைத் தொட்டுத் தைத்த கைகளுக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் சொன்னதில்லை. டாலர் வந்தால் போதும், வாசகம் எதுவானால் என்ன?

இப்போது மஞ்சள் பஸ் பையனுக்கு வருவோம். பட்டம் வாங்கிவிட்டான். சென்னையில் வாய்ஸ் ப்ராசஸ் வேலை, யு.எஸ். ஷிப்ட். ராத்திரி முழுக்க ஹெட்செட். அந்தப் பக்கம் கிரெடிட் கார்டு வேலை செய்யாத கோபத்தில் ஓர் அமெரிக்கர். அவர் நம் பையனின் அம்மாவைப் பற்றி, தோல் நிறத்தைப் பற்றி, பிறந்த நாட்டைப் பற்றி வரிசையாகச் சொல்கிறார். அதற்கெல்லாம் இவனுக்குப் பயிற்சியில் ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறார்கள். "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன், சார்." சொன்னதில் பாதி இவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் 'முழுக்கப் புரிகிறது' என்று உத்தரவாதம் கொடுக்கிறான். குரலில் புன்னகை குறைந்தால் க்வாலிட்டி டீம் மதிப்பெண்ணை வெட்டும். போனை வைத்தால் வேலையே போகும். வைதவருக்கு 'ஹேவ் எ நைஸ் டே' சொல்லி முடிப்பதற்குப் பெயர் கஸ்டமர் சர்வீஸ்.

எஃப்-இல் தொடங்கும் சொல் அவனுக்குத் தெரியும் என்பீர்கள். தெரியும். ஓடிடி கற்றுக்கொடுத்தது. அதிலேயே வேறு விபத்து. படத்தில் கதாநாயகன் நிமிடத்துக்கு ஒன்று சொல்வதைப் பார்த்துவிட்டு, அது ஏதோ 'அட' மாதிரி என்று நினைத்து, ஆபீஸ் சாட்டில் மேனேஜருக்கே தட்டிவிடுகிறான். ஹெச்.ஆர். கூப்பிடுகிறது. படிப்பு இங்கே தொடங்குகிறது, தண்டனையோடு.

தெரிந்த சொல்லைவிடத் தெரியாத சொல்தான் ஆபத்து. பிரிட்டனில் தெற்காசியர்களைக் கேவலப்படுத்த 'பாக்கி' என்பார்கள். அடி உதையோடு சேர்ந்து வந்த சொல். நம் பையன் கேட்டால் ஏதோ கடன் பாக்கி என்று நினைத்துக் கணக்குப் பார்ப்பான். 'கூலி' நம் சொல்லே என்று வாதிடுவோர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தியரை அவமதிக்க அதுவே ஆயுதம். அங்கே பாரிஸ்டர் காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். இங்கே நாம் அதைப் படத்துக்குத் தலைப்பாக்கி விசிலடித்தோம். தவறில்லை, நம் ஊரில் அது உழைப்புக்குக் காசு. கடல் தாண்டினால் அது என்னவாகிறது என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

இங்கிலீஷ்காரன் இதில் நம்மைவிட யோக்கியனாக ஆனது அண்மையில்தான். 1914இல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் பூக்காரப் பெண் மேடையில் ஒரு 'ப்ளடி' சொன்னதற்கு லண்டனே அதிர்ந்தது. 1928இல் முடித்த மகத்தான ஆக்ஸ்ஃபர்டு அகராதியில் இரண்டு சொற்களுக்கு இடமில்லை. 1972இல் வந்த பிற்சேர்க்கையில்தான் சேர்த்தார்கள். பிறகு வெட்கத்தை விட்டார்கள். பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், 2016இல் மக்களிடமே கேட்டு, எந்த வசவு லேசு, எது நடுத்தரம், எது கடுமை என்று தரம் பிரித்து வெளியிட்டது. முட்டைக்கு நாம் கிரேடு போடுவதுபோல. அயல்நாட்டு மாணவர்களுக்கென்றே அவர்கள் போடும் ஆக்ஸ்ஃபர்டு அகராதியில் அந்தச் சொற்களின் பக்கத்தில் எச்சரிக்கைக் குறிப்பு அச்சாகியிருக்கும். சொல் இதுதான், பொருள் இதுதான், வாயில் எடுக்காதே. இதைவிட எளிய பாடம் இருக்கிறதா? நம் பள்ளி நூலகத்தில் அந்த அகராதி கண்ணாடி பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது. இன்ஸ்பெக்ஷனுக்கு.

நம் அரசும் ஒருமுறை அகராதி போட முயன்றது. 2015 பிப்ரவரியில் சென்சார் போர்டு தலைவர் பஹ்லாஜ் நிஹலானி, படத்தில் வரக்கூடாத இங்கிலீஷ், இந்தி வசவுகளைத் தொகுத்துச் சுற்றறிக்கை விட்டார். முழுச் சொற்கள். புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை. லெட்டர்ஹெட்டில். அரசு செலவில் அச்சான இங்கிலீஷ் வசவுப் பட்டியல் நாடெங்கும் போனில் சுற்றியது. போர்டு உறுப்பினர்களே எதிர்த்தார்கள், பட்டியல் கிடப்பில் போனது. அவர் பதவிக் காலத்தில் பயன்பட்ட ஒரே கல்விப் பணி அதுதான். அதையும் கெடுத்தார்கள்.

அடுத்த அகராதி 2022 ஜூலையில். நாடாளுமன்றத்தில் பேசத்தகாத சொற்களின் தொகுப்பு. அதில் 'கரப்ட்' உண்டு. 'அஷேம்ட்' உண்டு. 'ட்ராமா', 'இன்காம்பிட்டன்ட்' உண்டு. 'ஹிப்போக்ரஸி'யும் உண்டு. ஆம், இந்தியாவின் மிக உயர்ந்த மன்றத்தில் பாசாங்கு என்பது கெட்ட வார்த்தை. தடையெல்லாம் இல்லை, முன்பு குறிப்பிலிருந்து நீக்கியவற்றின் தொகுப்புதான் என்று சபாநாயகர் ஓம் பிர்லா விளக்கினார். நல்லது. அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பர் 21. புதிய கட்டடத்தில் சந்திரயான் வெற்றியைக் கொண்டாடும் விவாதம். பா.ஜ.க. உறுப்பினர் ரமேஷ் பிதூரி எழுந்து, சக உறுப்பினர் டானிஷ் அலியை அவர் மதத்தைச் சொல்லி, எந்தப் பட்டியலிலும் எழுதக் கூசும் சொற்களால் வைதார். நேரலையில் நாடே கேட்டது. சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்கினார்கள். அவரை அவையிலிருந்து நீக்கவில்லை. மூன்றே மாதத்தில், டிசம்பரில், எதிர்க்கட்சியினர் 146 பேரை இடைநீக்கம் செய்தார்கள். அவர்கள் குற்றம், அவைக்குள் அந்நியர் புகுந்தது எப்படி என்று பதில் கேட்டது.

பிள்ளைகளே, இதுவும் இங்கிலீஷ் பாடம்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கிவந்தால் போலீஸ் ஸ்டேஷன். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, எதுவானாலும் எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி தவறாது: 'ஆபாச வார்த்தைகளால் திட்டி'. பழைய தண்டனைச் சட்டத்தின் 294 பி, 323, 506 ரெண்டு. நம் ஊரில் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதவனுக்கும் இந்த வாய்ப்பாடு தெரியும். 2024 ஜூலை முதல் 294க்குப் புதுச் சட்டத்தில் 296 என்று எண் மாறிவிட்டது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வசைச்சொல்லைப் பேசிவிட்டதாலேயே அது ஆபாசக் குற்றம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், 'காலேஜ் ரொமான்ஸ்' என்ற இணையத் தொடர் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்டேஷன் வாய்ப்பாட்டுக்கு அது இன்னும் எட்டவில்லை. புகார் கொடுக்க வந்தவரை 'டேய்' என்று தொடங்கி நாலு வசவு வைதுவிட்டுத்தான் அந்த வரியையே எழுதுகிறார்கள். அந்த நாலுக்குப் பிரிவு எண் கிடையாது.

சொல்லுக்கு அஞ்சுவதில் இந்த மாவட்டத்துக்குத் தனி வரலாறே இருக்கிறது. கொங்கு வட்டாரத்துக்குச் சொல்லகராதி தொகுத்தவர், 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்றே ஒரு புத்தகம் எழுதியவர், நாமக்கல்லில் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்த பெருமாள்முருகன். 2015 ஜனவரி 12 அன்று, 'மாதொருபாகன்' நாவலுக்காக, நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் 'சமாதானக் கூட்டம்' என்ற பெயரில் உட்கார வைத்து அவரிடம் மன்னிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆயிற்று. அது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆனது. அதே 2015 ஜூனில், அந்த நாவலின் களமான திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞரைக் கடத்திக் கொன்று பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் போட்டார்கள். நாவலில் நாலு வரி ஆபாசம் என்று கண்டுபிடித்த ஊர் அது.

இந்த மண்ணில் ஆளை உண்மையிலேயே அழிக்கிற சொல் எஃப்-இல் தொடங்குவதில்லை. சாதிப் பெயரில் தொடங்குகிறது. அதை எந்த மஞ்சள் பஸ்ஸும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே, இலவசமாக, சுத்தமான உச்சரிப்போடு வந்துவிடுகிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வைதிருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வேறு ஆள் இல்லாதபோது சொன்னால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறிவிட்டது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வைகிறார்கள்.

கெட்ட வார்த்தையை மறைப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். வைகிறவனுக்கு. அவன் வாயை எவரும் பூட்டவில்லை. கேட்கிறவனின் காதைத்தான் பூட்டி, அதற்கு ஒழுக்கம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். (இந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல்லை 'எஃப்' என்றுதான் எழுதியிருக்கிறேன். பத்திரிகை குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையாம். குடும்பமே ஓடிடியில் அதைக் கேட்டுவிட்டுத்தான் இதைப் பிரிக்கிறது.)

அடுத்த ஆண்டு அட்மிஷனுக்கு வரிசையில் நிற்கப்போகும் அப்பா, அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணத்தை எண்ணி வைக்கும் முன் ஆபீஸ் ரூமில் கேளுங்கள்: என் பிள்ளையை இங்கிலீஷில் ஒருத்தன் வைதால் அது அவனுக்கு விளங்குமா? விளங்கினால், திருப்பி வையாமல் "இப்படிப் பேசினால் போனை வைத்துவிடுவேன்" என்று சொல்ல அவனுக்குத் தைரியம் கொடுப்பீர்களா? பதிலைத் தமிழில் கேளுங்கள். அதற்கு அபராதம் கேட்டால் கட்டாதீர்கள்.