பேராதனைக்கு ஒரே பாதையா?

கே: பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்கிறார்கள். அப்படியே செய்யவா? (மாணவி, கலஹா)

ப: வேண்டாம் மகள், ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் இசட் புள்ளிக்கு எட்டும் முதல் கற்கைநெறியைத் தருவார்கள். எட்டாத ஒன்றை மேலே எழுதியதால் கீழே உள்ளது கைநழுவிப் போகாது. எழுதாமல் விட்டதுதான் போய்விடும். அதனால் பட்டியல் நீளட்டும். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் பலர் மருத்துவத்தோடு பேனையை வைத்துவிடுகிறார்கள். பேராதனையிலேயே பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், விவசாயம், தாதியியல், இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் இருக்கின்றன.

கே: கொத்மலைப் பிள்ளை என் மகனை விடக் குறைந்த புள்ளியில் மருத்துவ பீடத்துக்குப் போகிறது. இது நியாயமா? (தந்தை, கம்பளை)

ப: நியாயம்தான் ஐயா. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கொத்மலை இருக்கும் நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று, உங்கள் கண்டி இல்லை. விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலையிலிருந்து ஏறி வரும் பிள்ளைக்கு அந்தக் கைகொடுப்பு வேண்டும். என் மனக்குறை வேறு. கண்டி மாவட்டத்துக்குள்ளேயே ரங்கலை, மடுல்கலை, பன்விலைத் தோட்டப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடு அவர்களும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. மாவட்டக் கணக்கின் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. யாராவது இதைப் பாராளுமன்றத்தில் விடாமல் கேட்க வேண்டும்.

கே: பொதுப் பட்டமா, சிறப்புப் பட்டமா? (மாணவன், மாத்தளை)

ப: பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு. ஆராய்ச்சி, விரிவுரையாளர் பதவி என்று கனவிருந்தால் நான்காவது வருடத்தை விட்டுவிடாதீர்கள்.

கே: இரண்டு தடவை எழுதியும் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மூன்றாவதும் எழுதவா? (இளைஞன், அக்குறணை)

ப: எழுதுங்கள் தம்பி, ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு வருடத்தை வீட்டில் கழிக்காதீர்கள். உள்வாரி அனுமதிக்கு அதுதான் கடைசித் தடவை. கண்டியின் உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்தில் கணக்கியல், தகவல் தொழினுட்பம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. பேராதனையே வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டமும் தருகிறது. வெளிவாரி என்றால் மட்டம் என்று கல்யாண வீட்டில் பேசுகிறவர்கள் பேசட்டும். வேலை பார்த்துக்கொண்டே, விரிவுரை மண்டபம் இல்லாமல் படித்து முடிக்க எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

கே: எனக்கு 41 வயது. சட்டம் படிக்க ஆசை. சிரிக்கிறார்கள். (எழுதுவினைஞர், வத்தேகம)

ப: சிரிக்கட்டும், நீங்கள் பொல்கொல்லைக்கு பஸ் ஏறுங்கள். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் அங்கேதான் இருக்கிறது. சட்டமாணிப் பட்டத்துக்கு நுழைவுப் பரீட்சை உண்டு. இசட் புள்ளி கேட்க மாட்டார்கள், வயதும் தடையில்லை.

கே: நகரத்தில் ஒரு தனியார் கெம்பஸில் வெளிநாட்டுப் பட்டமாம். நகையை அடகு வைக்கலாமா? (தாய், கட்டுகஸ்தோட்டை)

ப: நகை பெட்டியிலேயே இருக்கட்டும் அம்மா. பட்டத்தைத் தரப்போவது யார் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். உள்நாட்டு நிறுவனம் என்றால், 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பட்டம் வழங்க அனுமதி இருக்க வேண்டும், அதுவும் உங்கள் பிள்ளை சேரும் அதே கற்கைநெறிக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். பொறியியலுக்குப் பொறியியலாளர் நிறுவனத்தையும், மருத்துவத்துக்கு மருத்துவ சபையையும் விசாரிக்காமல் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். விளம்பரப் பலகை அங்கீகாரம் ஆகாது.

கே: மகளுக்குப் பேராதனை கிடைத்திருக்கிறது. நான் கொழுந்து பறிப்பவள். எப்படிச் சமாளிப்பேன்? (தாய், மடுல்கலை)

ப: வாழ்த்துக்கள் அம்மா! உள்வாரிப் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கு மகள் விண்ணப்பிக்கட்டும், அது கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக உதவிப்பணம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்வி நிதியமும் உண்டு. அதன் விபரங்களைக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேளுங்கள். கடிதம் வந்த இந்த வாரமே போய்விடுங்கள்.