கட்டுக்கயிற்றின் மறுமுனை: பொழுதுபோக்குப் பண்ணையாளரின் நடமாட்ட எல்லை குறித்து ஓர் ஆய்வு

தொழுவத்தில் மாட்டைக் கட்டும் கயிறு ஆறடி இருக்கலாம், எட்டடி இருக்கலாம். மேயக் கட்டினால் இன்னும் நீளம் விடுவார்கள். இது எல்லோரும் அறிந்ததே. அதே கயிற்றின் மறுமுனையில் இருக்கும் உரிமையாளருக்கு எத்தனை கிலோமீட்டர் விடப்பட்டிருக்கிறது என்பதை அறிஞர் உலகம் இதுவரை கவனிக்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும். ஏறக்குறைய ஓர் ஏக்கர், சுற்றிலும் கம்பிவேலி, இரும்பு கேட், அதன்மேல் பேரக்குழந்தையின் பெயரோடு ஒரு பலகை, உள்ளே ஒரு பசு, ஒரு கன்று, பத்துப் பதினைந்து கோழிகள்: இதுவே பொழுதுபோக்குப் பண்ணை எனப்படும். விவசாயியின் பண்ணையிலிருந்து இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மாடு என்ன விலை என்று கேளுங்கள். விவசாயி விலையைச் சொல்வார். பொழுதுபோக்குப் பண்ணையாளர் முதலில் அதன் பெயரைச் சொல்வார்.

இனி கணக்கு. பசுவுக்கு நாளைக்கு இரண்டு கறவை. காலைக் கறவை ஆறரைக்கு முடிகிறது, மாலைக் கறவை நாலரைக்குத் தொடங்குகிறது என்று கொள்வோம். இடையில் பத்து மணி நேரம். பண்ணையாளரை வீட்டிலிருந்து வெளியே இழுக்கும் முதன்மை விசை உறவினர் கல்யாணம் என்பதால், மண்டபத்தில் உட்கார, மொய் எழுத, பந்தியில் இடம்பிடிக்க, வந்தவர்களிடம் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்க இரண்டு மணி நேரம் கழிக்க வேண்டும். மீதி எட்டு, போக நாலு, வர நாலு. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மறுமுனைக் கயிற்றின் நீளம் 240 கிலோமீட்டர் எனக் கிடைக்கிறது. மதுராந்தகத்தில் மாடு வைத்திருப்பவருக்கு விழுப்புரத்துச் சம்பந்தி நெருங்கிய உறவு. திருச்சி எல்லைக்கோட்டில் நிற்கிறது: தாலி கட்டுவதைப் பார்க்கலாம், சாப்பிட முடியாது. மதுரைக்காரர்களோடு கொண்ட உறவு காலப்போக்கில் தொலைபேசி உறவாகச் சுருங்கிவிடுகிறது.

'ஆள் போட்டால் தீர்ந்தது' என்று வாதிடும் ஒரு மரபும் உண்டு. மாட்டின் உடலியல் அதை ஏற்பதில்லை. பால் சுரப்பு விடுவதற்கு ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் வேண்டும். மாடு மிரண்டால் அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும். அதிலும் நம் நாட்டு மாடுகள் கன்று வந்து முட்டினால்தான் மனம் இளகும். பழகாத கை மடியில் பட்டால் பாலை அடக்கிக்கொண்டு, தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். ஆள் மரபினர் காணத் தவறிய இன்னொன்று, ஆளுக்கும் ஊர் இருக்கிறது, அந்த ஊரிலும் பொங்கல் வருகிறது என்பது. ஆகவே மாட்டுப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுவது பெரும்பாலும் வேட்டியை மடித்துக் கட்டிய ஓய்வுபெற்ற மேலாளரே. ஆள் இருக்கும் பண்ணைகளில் கோழிகளின் எண்ணிக்கை குறைவதையும் கவனித்தேன். காரணம் கீரி என்று பதிவாகியிருக்கிறது. அக்கீரி ஞாயிற்றுக்கிழமைகளை அறிந்து வருகிறது என்பது விலங்கியலாருக்கு உரிய தனிச் சிக்கல்; இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

மாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் இவர்கள் விவசாயியின் வழியில் செல்வதில்லை. ஜெர்சிக் கலப்பு கூடுதலாகக் கறக்கும் என்பது தெரிந்தும், திமிலையும் கொம்பையும் பார்த்துக் காங்கேயத்தின்மீது மனம் போய்விடுகிறது. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம் அது. பாலுக்கு என்று வளர்த்தெடுத்ததல்ல. காங்கேயக் கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். இதை முன்கூட்டி அறியாத ஒருவர், 'கலர் போகுதுங்க' என்று விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பியதாக அறிகிறேன்.

மாட்டின் உள்ளே நடப்பதும் கயிற்றின் நீளத்தைப் பாதிக்கும். பசுவுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. நாக்கால் வாரி விழுங்கிவிட்டுப் பிறகு சாவகாசமாக அசைபோடும். விழுங்கும்போது ஆணி எது, தட்டை எது என்று பார்ப்பதில்லை. நான்கு அறை வயிற்றின் இரண்டாம் அறையில் ஆணியோ கம்பித் துண்டோ தங்கினால், வயிறு சுருங்கிச் சுருங்கி அதை இதயம் வரைகூடக் கொண்டுபோய்க் குத்தக்கூடும். வெளிநாடுகளில் மாட்டுக்குக் காந்தத்தையே விழுங்கக் கொடுத்து அவற்றை அங்கேயே பிடித்து வைப்பார்கள். நம் களத்தில் புதுக் கம்பிவேலி போட்டவர் எவரோ, அவர் வெட்டிப்போட்ட துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருப்பார். அன்று கயிறு நூறு அடி.

'மாடே வேண்டாம், கோழி போதும்' என்போர் தம்மைச் சுதந்திரர்கள் என எண்ணுகின்றனர். இது ஆராயத்தக்கது. கோழி பொழுது சாய்ந்தால் தானாகவே அடையும், அதற்கு மாலைக்கண். ஆனால் கூட்டின் கதவு தானாகச் சாத்திக்கொள்வதில்லை. சாத்தாவிட்டால் மரநாய் வரும், காட்டுப்பூனை வரும். எனவே கோழிக்காரரின் கயிற்றை அளப்பது சூரியன். வடதமிழகத்தில் ஆனியில் ஆறரைக்கு மேல் அடையும் பொழுது, கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே அடைந்துவிடும். ஒரு மணி நேரம் குறைந்தால், போகவர அரை அரை மணியாக, கயிற்றில் முப்பது கிலோமீட்டர் போய்விடுகிறது. கார்த்திகையோ முகூர்த்தம் மலிந்த மாதம். கோழிகளுக்கும் பஞ்சாங்கக்காரர்களுக்கும் இடையே ஏதோ புரிதல் இருக்கக்கூடும் என்ற ஐயத்தை முற்றாக விலக்க இயலவில்லை.

அடைக்கோழி வந்துவிட்டால் 21 நாள். இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்று கூடையில் ஓர் இரும்புத் துண்டைப் போட்டுவைக்கும் வழக்கத்தைப் பொறியியல் படித்தவர்களும் தயங்காமல் பின்பற்றுகிறார்கள். அது பொரித்து முடிப்பதற்குள் பசு பருவத்துக்கு வரும். தப்பினால் அடுத்த பருவத்துக்கும் அதே 21 நாள். அதுவோ ஒரு நாள்கூட முழுதாய் நிற்காது: காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. 21ஐ 21ஆல் பெருக்கிப் பொருள் காண முயன்றேன். தத்துவம் எதுவும் கிடைக்கவில்லை, ஒருவருடைய கொடைக்கானல் பயணம் மூன்று முறை தள்ளிப்போனதற்குக் காரணம் மட்டும் கிடைத்தது.

நார்வேயின் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே, கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்னும் படிநிலை இருப்பதை 1922இல் வெளியிட்டார். புதிய கோழி உள்ளே வந்தால் அப்படிநிலை கலைந்து மறுபடி நிறுவப்படும், அதுவரை சண்டைதான். ஆசைக்கு இரண்டு கருங்கோழி வாங்கிவந்தவர், ஞாயிறு முழுவதும் கூட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடுவராக அமர்ந்திருப்பார். அவருடைய கயிற்றை அளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

களத்தில் ஒரு பெரியவரிடம் இந்தக் கருதுகோளை விளக்கினேன். மூன்று தலைமுறையாக மாடு வைத்திருக்கும் குடும்பம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மாட்ட கட்டிட்டீங்கன்னா அப்புறம் எங்க சார் போவப்போறீங்க' என்றார். அத்தனை கணக்கையும் காகிதம் இல்லாமல் அவர் வைத்திருந்தார் என்பதை நேர்மை கருதிப் பதிவுசெய்கிறேன்.

கயிறு முற்றாக அவிழும் காலம் ஒன்று உண்டு. சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். அதில் கடைசி 60 நாள் கறவையை நிறுத்தி மடியை வற்றவிட வேண்டும். அந்த இரண்டு மாதம் கறப்பதற்கு ஒன்றுமில்லை, தீனியும் தண்ணீரும் யாரும் வைக்கலாம். ஆக, சினை ஊசி போட்ட நாளிலிருந்து 220 நாள் தள்ளி எண்ணினால் பண்ணையாளர் குடும்பத்துக்கு உகந்த முகூர்த்தம் வந்துவிடும். தை மாதக் கல்யாணத்துக்கு ஆனித் தொடக்கத்தில் ஊசி. என் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் ஒருவர் இதை ஏற்று, மதுரையில் மைத்துனர் மகள் கல்யாணத்துக்காக ஆனியிலேயே ஊசி போட்டு, நாள் எண்ணி, மார்கழியில் ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். மாடு வற்றியதும் வீட்டில் காபிக்குப் பாக்கெட் பால் வந்தது. ஒரு வாரம் குடித்துப் பார்த்துவிட்டு, கன்று போட்டு மூன்று வாரமான இன்னொரு பசுவை வாங்கிவந்தார்.